கலப்பை ஒன்று

இருபத்தேழு கட்டுரைகளும் 'இன்றைய நவீன உலகில்' என்றுதான் தொடங்கின. ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு குறள் சொருகப்பட்டிருந்தது. கடைசி வரி 'ஆகவே நாம் அனைவரும் பாடுபடுவோமாக' என்று முடிந்திருந்தது. கொடுத்த தலைப்பு, மலைக்கு இன்னொரு பஸ் வேண்டுமா வேண்டாமா என்பது. பஸ்ஸைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பாடுபடுவதைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள்.

நதியா டீச்சர் ஆலங்காயத்துக்காரர். இரண்டு பஸ் மாறி, வளைவுகளில் குமட்டாமல் இருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, புதூர்நாட்டுப் பக்கம் இருக்கும் மேல்நிலைப் பள்ளிக்குத் தமிழ் நடத்த வருகிறவர். கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது. கையிலிருக்கும் சாக்பீஸ்தான் ஒடியும். அன்று மூன்று ஒடிந்தன.

"பஸ் வேணும்னு சொல்றீங்க. சரி. ஒரு நாளைக்கு எத்தன பேரு ஜீப்புல தொத்திக்கினு போறாங்க? எண்ணிப் பாத்தீங்களா? எண்ணினவங்க எழுதி வெச்சதயாவது படிச்சீங்களா? நோட்ஸ்ல இருக்கறத அப்படியே கக்கறதுக்குப் பேரு கட்டுரையா?"

பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த பிறகு இப்படி ஒரு கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. டீச்சர் திரும்பிக் கரும்பலகையில் மூன்று வரி எழுதினார். யார் சொன்னது? எதில் இருக்கிறது? இதை யார் மறுப்பார்கள்?

"உங்க வூட்லயோ ஊர்லயோ ஒரு வழக்கு இருக்கும்ல, அத எடுத்துக்குங்க. ஒரு பக்கம் நில்லுங்க. நிக்கறதுக்கு ரெண்டு காகிதமாவது வூட்லருந்து எடுத்தாங்க. எழுதி முடிச்சதும் எங்கிட்ட குடுக்காதீங்க. பக்கத்துல உக்காந்திருக்கறவங்க கையில குடுங்க. அவங்க உங்கள மறுத்து எழுதணும். அதுல நின்னாத்தான் உங்க கட்டுரை நின்னுச்சின்னு அர்த்தம்."

மறுநாள் வகுப்பறை பழைய காகிதக் கடை போலாயிற்று. ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, குக்கர் வாங்கியபோது வந்த வாரண்டி அட்டை, வீட்டில் ஆட்டை விற்கக் கூடாது என்று வாதாட ஆட்டுக் காப்பீட்டுச் சீட்டு. வெற்றிவேல் என்ற பையனின் வழக்கு, பலாமரம் தங்களுடையதா சித்தப்பாவுடையதா என்பது. அவன் செல்போனில் மரத்தைப் படம் எடுத்து வந்திருந்தான்.

"மரம் பேசுமாடா?" என்றார் டீச்சர்.

"பேசாதுங்க மிஸ். எங்க சித்தப்பா பேசுவாரு."

டீச்சரும் சிரித்துவிட்டார். பிறகு ஒன்று சொன்னார். அதைச் சொல்லும்போது சாக்பீஸ் ஒடியவில்லை, அதனால் பாதிப் பேர் கவனிக்கவில்லை. "உங்களுக்கு சாதகமா இருக்கற காகிதத்த மட்டும் பொறுக்கினு வராதீங்க. உங்களுக்கு ஆவாதவன் எழுதின காகிதம் இருந்தா அத மொதல்ல எடுங்க. அவன் உங்களுக்காக பொய் எழுதமாட்டான் பாருங்க. அதுலதான் உண்மை கெட்டியா இருக்கும்."

இரண்டாவது பெஞ்சில் இருந்த ரம்யா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ரம்யாவுக்கு வழக்கைத் தேட வேண்டியிருக்கவில்லை. மூங்கில்கொல்லை என்ற முப்பது வீட்டு ஊரில் அவள் வீட்டு வழக்கு ஊரறிந்தது. ஊருக்கு மேலே, ஓடையை ஒட்டி ஒன்றரை ஏக்கர். ஓடைக்கொல்லை என்று பெயர். அவள் தாத்தா வெள்ளையன் காலத்திலிருந்து சாமை விதைக்கிற நிலம். மூன்று புளியமரமும் அதில்தான். காகிதத்தில் அது காடு. காட்டு நிலத்தை 2005 டிசம்பருக்கு முன்பிருந்தே உழுகிற மலைக்காரர்களுக்கு உரிமை தரச் சட்டம் இருக்கிறது. அதன்படி உரிமை கேட்டு அவள் அப்பா ரங்கசாமி இரண்டு தடவை மனுக் கொடுத்து, இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது மனு இந்த மாதக் கடைசியில் கிராம சபைக்கு வருகிறது. இதிலும் போய்விட்டால், மழைக்கு முன்னால் அங்கே வனத்துறைக்காரர்கள் குழி எடுத்து மரக்கன்று நட்டுவிடுவார்கள். வருஷத்தில் ஏழு மாதச் சோறு அந்த ஒன்றரை ஏக்கரில் இருந்தது.

ரம்யா மூன்று பக்கம் எழுதினாள். ரேஷன் கார்டையும் அப்பாவின் வாக்காளர் அட்டையையும் சான்றாக வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புவனாவின் கையில் கொடுத்தாள்.

புவனாவும் மூங்கில்கொல்லைதான். பள்ளியில் இருவரும் ஒரே டப்பாவில் கொள்ளுத் துவையல் தொட்டுச் சாப்பிடுவார்கள். சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கி நடக்கையில், ஊர் ஏரி கண்ணில் பட்டதும் ஒருத்தி பத்தடி பின்தங்கிவிடுவாள். இரண்டு வீட்டுக்கும் இருபது வருஷமாகப் பேச்சு கிடையாது. புவனாவின் அப்பா சேட்டுவுக்கு ஊரில் 'கலப்பை சேட்டு' என்று பேர். சின்ன வயதில் ரம்யாவும் மற்ற பிள்ளைகளோடு அவர் பின்னால் அப்படிக் கூவிக்கொண்டு ஓடியவள்தான்.

கதை இதுதான். வெள்ளையனின் கலப்பை ஒரு நாள் காணாமல் போயிற்று. முந்தின வாரம் அதை இரவல் வாங்கியிருந்தவர் சேட்டுவின் அப்பா சின்னப்பையன். ஊர் கூடி, கோயிலில் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னது. சின்னப்பையன் வீம்புக்காரர். எடுக்காதவன் எதுக்குச் சத்தியம் பண்ணணும் என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். எடுத்தவன்தான் சத்தியத்துக்குப் பயப்படுவான் என்று ஊர் முடிவு கட்டியது. விதைப்புக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுச் சாமையையும் கோயிலில் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, வீட்டுக்கொரு கைப்பிடி திரும்ப வாங்கிப் போவது அங்கே வழக்கம். அந்த வருஷம் முதல் சின்னப்பையன் வீட்டு விதையைக் கலக்கவில்லை. அவர் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போனார். திரும்பவில்லை. சேட்டு மட்டும் ஊரில் தங்கினார்.

புவனா ஒன்றரைப் பக்கத்தில் மறுப்பு எழுதி வந்தாள். நறுக்கென்று இருந்தது.

'ரேஷன் கார்டு வீட்டைக் காட்டும், கொல்லையைக் காட்டாது. வாக்காளர் அட்டை ஆளைக் காட்டும், அவர் எதை உழுதார் என்று காட்டாது. 2005 டிசம்பருக்கு முன்னால் அந்த நிலத்தில் இவர்கள் இருந்தார்கள் என்று எழுதியவர் சொல்கிறார். அதை வேறு யார் சொன்னது? எதில் இருக்கிறது?'

"இன்னாடி இப்படி எழுதிட்ட?" என்றாள் ரம்யா. கண் கலங்கிவிட்டது.

"மிஸ்தான தோக்கடிக்க சொன்னாங்க. உங்கப்பா மனு திரும்பி வந்திச்சே, அதுலயும் இதயேதான எழுதியிருந்தாங்க?"

அதையேதான் எழுதியிருந்தார்கள். ரம்யாவுக்குக் கோபம் புவனா மேலா, எழுதினது சரியாக இருந்ததன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. டீச்சர் இரண்டு கட்டுரையையும் படித்துவிட்டு, புவனாவுடையதன் கீழே பெரிதாக ஒரு டிக் போட்டார். "ஒரு வாரம் தர்றேன் ரம்யா. வூட்ட தலைகீழா கொட்டிப் பாரு. திரும்ப எழுதி புவனாகிட்டயே குடு."

அந்த வீட்டில் காகிதங்கள் அடுப்புக்கு மேலே இருந்தன. உத்திரத்தில் விதைச் சாமையைக் கட்டித் தொங்கவிடுகிற இடத்தில், யூரியா சாக்கில் நொச்சி இலை போட்டு, விதையோடு விதையாகக் காகிதமும் புகை குடித்துக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் ஓடைக்கொல்லைக்குக் கல் பொறுக்கப் போயிருந்த சனிக்கிழமை ரம்யா அதை இறக்கினாள். வருஷா வருஷம் மழை மண்ணை அரித்துக் கல்லை மேலே கொண்டுவந்து வைக்கும். விதைப்புக்கு முன்னால் பொறுக்கி ஓரத்தில் அடுக்க வேண்டும். சபையில் என்ன ஆகுமோ தெரியாத நிலத்துக்கும் அந்த வேலையை விட முடியாது.

சாக்கின் அடியில், பால் கவரில் நான்காக மடித்து வைத்த ஒரு சீட்டு இருந்தது. மேலே வனத்துறை முத்திரை. பேனா மை பழுப்பாகியிருந்தாலும் படிக்க முடிந்தது. நாள் 9.7.2003. இடம், ஓடைக்கொல்லை. குற்றம், அனுமதியின்றி உழவு. உழுத பரப்பு சுமார் ஒன்றரை ஏக்கர். உழுதவர், வெள்ளையன் மகன் ரங்கசாமி.

ரம்யா குதிக்காத குறை. தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆள் பேர் இருக்கிறது. அதுவும் ஆகாதவர்கள் எழுதியது. பிறகு கடைசி வரியைப் படித்தாள். பறிமுதல் செய்த பொருள்: கலப்பை ஒன்று, இரும்புக் கொழுவுடன்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கீழே அப்பாவின் கையெழுத்து, ரங்கசாமி என்று கோணல் மாணலாக இருந்தது. சந்தோஷம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கலப்பை சேட்டு, கலப்பை சேட்டு என்று ஓடினது ஞாபகம் வந்தது.

பொழுது சாய அவர்கள் திரும்பினார்கள். மாதம்மாள் களி கிண்டினாள். பலாக்கொட்டைக் குழம்பு கொதித்தது. ரங்கசாமி கை கால் கழுவி வந்து உட்கார்ந்ததும் ரம்யா சீட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ரங்கசாமி அதைத் தொடவில்லை. "அத்த ஏன் எறக்கின?"

"இன்னாப்பா இது?"

"ஃபாரஸ்ட் கார்டு குடுத்த சீட்டு. எடுத்த எடத்துல வெச்சிடு."

"உங்க கையெழுத்து கீது."

"கீது. இருந்தா இன்னா? சோறு துண்ண வுடு."

மாதம்மாள் துடுப்பை வைத்துவிட்டு வந்தாள். "இன்னாடி அது? படி."

ரம்யா படித்தாள். கடைசி வரி வந்ததும் மாதம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கணக்குப் போடத் தெரியும்.

"கலப்பைய கார்டு எடுத்துனு போனானா?"

ரங்கசாமி தட்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஏய்யா, உன்னத்தான் கேக்கறேன். காணாப் போன கலப்பை அதுதானா?"

"அதான்."

அப்புறம் அவரே சொன்னார், தட்டைப் பார்த்துக்கொண்டு. "அந்த வருசம் ஓடப் பக்கம் யாரும் ஏர் கட்டக் கூடாது, ரேஞ்சர்கிட்ட பேசி முடிக்கறவரைக்கும்னு ஊர்ல முடிவு பண்ணாங்க. மழ நல்லா பேஞ்சி கெடந்திச்சி. ஈரம் போயிடும்னு எங்கப்பன் வெடியக்காத்தால என்ன அனுப்பிட்டான். எனக்கு பத்தொம்பது வயசு. முக்காவாசி உழுதுட்டேன். கார்டு வந்துட்டான். கால்ல வுழுந்தேன், மாட்ட வுட்டான். கலப்பைய தூக்கினு, சீட்ட எழுதி கையெழுத்து வாங்கினு போய்ட்டான். ஊரு பேச்ச மீறினோம்னு தெரிஞ்சா குத்தம் கட்டணும், கோயில்ல வுழணும். எங்கப்பன் கலப்பைய காணோம்னு சொல்லிட்டான். யாரு பேரயும் அவன் சொல்லல. ஊருதான் சொல்லிச்சி."

"ஊரு சொன்னப்ப நீ இன்னா பண்ண?"

"நானா? எங்கப்பன் முன்னாடி நான் எப்டி பேசறது?"

"உங்கப்பன் செத்து பதினோரு வருசம் ஆவுது."

மாதம்மாள் விடவில்லை. "கொழாய்ல அந்த பொம்பள கொடம் வெச்சா நான் என் கொடத்த நவுத்தி வெச்சிருக்கேன்யா. இருவது வருசமா நவுத்தினே கீறேன். திருட்டு வூட்டு கொடம்னு. நீ பாத்துனே இருந்த."

குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. ரம்யா எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"இத்தன நாளா இத ஏம்பா மனுவோட வெக்கல?"

"பைத்தியமா நீ? காட்ல உழுதேன்னு நானே சீட்டு காட்டினா ஜெயில்ல வெப்பான்."

"கிழிச்சியாவது போட்டிருக்கலாமே."

"கெவுருமென்ட் முத்திர கீது அதுல. கிழிக்க பயம்."

ரம்யா திரும்பி வந்த மனுவை எடுத்து, சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதுல இன்னா எழுதியிருக்காங்க கேளுங்க. '13.12.2005க்கு முன் மேற்படி நிலம் மனுதாரரின் அனுபவத்தில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை.' அவங்க கேக்கறது இந்தச் சீட்டத்தாம்பா. 2003ல நீங்க அங்க உழுதீங்கன்னு அவங்களே எழுதிக் குடுத்தது. இத வெச்சா கொல்ல நிக்கும்."

ரங்கசாமி முதல் தடவையாகச் சீட்டைக் கையில் எடுத்தார். இருபத்திரண்டு வருஷமாகத் தன்னைப் பிடித்துக் கொடுக்கும் என்று பயந்து, அடுப்புப் புகையில் ஒளித்து வைத்திருந்த காகிதம். அதைத்தான் இரண்டு தடவை மனுக் கொடுத்தபோதும் கேட்டிருக்கிறார்கள். அவர் முகத்தில் வந்தது சிரிப்பா அழுகையா என்று ரம்யாவால் சொல்ல முடியவில்லை.

"நெசமாவா சொல்ற?"

"நெசமா."

விரலால் கடைசி வரியைத் தடவினார். "இந்த வரிய மட்டும் மறைச்சி ஜெராக்ஸ் எடுத்தா? தேதியும் எடமும்தான அவங்களுக்கு வேணும்?"

ரம்யாவும் அதை மத்தியானமே யோசித்திருந்தாள். ஒரு துண்டு வெள்ளைக் காகிதம் போதும். கட்டுரைக்கும் தேதி போதும். அப்பா கேட்டதும்தான் அது எவ்வளவு அசிங்கம் என்று பட்டது.

"இந்தக் கட்டுரைய திங்கக்கெழம நான் புவனா கையில குடுக்கணும்பா. அவதான் மறுத்து எழுதணும். சீட்டயும் அவ பாப்பா. நடுவுல ஏன் வெள்ளையா கீதுன்னுதான் மொதல்ல கேப்பா."

"வேற பொண்ணுகிட்ட குடேன்."

"பக்கத்துல உக்காந்திருக்கறவகிட்டதான் குடுக்கணும். அதான் மிஸ் சட்டம்."

"எழுதாத வுட்டுடேன்."

"எழுதாத வுடலாம். கொல்லையும் வுட்டுடலாமா?"

மாதம்மாள் களியை உருட்டித் தட்டில் வைத்தாள். "துண்ணு. துண்ணுட்டு யோசன பண்ணு. நாளைக்கி ஞாயித்துக்கெழம. அந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்துல படிக்கறதுக்கு முன்னாடி, நீயே போயி அவன்கிட்ட சொல்லிட்டா மனுசன்."

ரங்கசாமி அன்று அரைக் களிதான் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேகம் இறங்கி ஊர் மேலேயே கிடந்தது. சேட்டு வாசலில் கோணிச் சாக்கை விரித்துப் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். கையில் எண்ணெய், கத்தியில் பால். ரங்கசாமி வேலிப் படலுக்கு வெளியே நின்றார். பின்னால் ரம்யா.

"சேட்டு."

சேட்டு நிமிர்ந்து பார்த்தார். "கையெழுத்துக்குன்னா சபையன்னிக்கி வா." அவர் ஊர் வன உரிமைக் குழுவில் இருந்தார். மனுவில் அவர் கையெழுத்தும் வேண்டும். பேச்சு இல்லாத வீடானாலும் முந்தின இரண்டு தடவையும் போட்டவர்தான்.

"கையெழுத்துக்கு இல்ல. ஒரு சீட்டு கீது. நீ பாக்கணும்."

"எனக்கு படிக்க வராதுன்னு உனக்கு தெரியாதா?"

புவனா உள்ளேயிருந்து வந்தாள். ரம்யா படலைத் தாண்டி அவளிடம் சீட்டைக் கொடுத்தாள். நாளைக்குக் கொடுக்க வேண்டியதை இன்றைக்கே கொடுக்கிறோம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. புவனா வகுப்பில் படிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கடைசி வரியை வேகமாகப் படித்துவிட்டாள்.

"திரும்ப படி," என்றார் சேட்டு.

படித்தாள்.

"கையெழுத்து யாருது?"

"என்னுது," என்றார் ரங்கசாமி.

சேட்டு கத்தியைச் சாக்கில் வைத்துவிட்டு, கையில் ஒட்டிய பாலை எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பால் போன பிறகும் தேய்த்தார்.

"எங்கப்பன் குடகுல செத்தான். சாவற அன்னிக்கும் நான் எடுக்கலடான்னுதான் சொன்னானாம். எங்கண்ணன் ஒருத்தன்தான் அவன நம்பினான். நான் நம்பல ரங்கசாமி. பெத்த புள்ள நான் நம்பல. எடுத்திருந்தா ஒத்துக்கோப்பான்னு அவன் மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். அதுலதான் எங்கண்ணன் எங்கிட்ட பேச்ச வுட்டான்."

ரங்கசாமி படலைப் பிடித்துக்கொண்டார். "தப்பு பண்ணிட்டேன்."

"நீ பண்ணது தெரியுது. நான் பண்ணத இன்னா பண்றது?"

மேகத்துக்குள் எங்கோ மாட்டு மணி கேட்டது. சேட்டு எழுந்தார். அடிப்பார் என்று ரம்யா பயந்தாள். அவர் சீட்டை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து, ரங்கசாமியிடமே நீட்டினார்.

"கொல்ல உன்னுது. சின்னதுல நீயும் நானும் அங்கதான் மாடு மேச்சோம். கையெழுத்து போடறேன். ஆனா இத்த நீதான் சபையில படிக்கணும். உன் பொண்ணு படிக்கக் கூடாது. முழுசா."

சபை ஊர்த் தொடக்கப் பள்ளி மரத்தடியில் கூடியது. மூங்கில்கொல்லை முழுக்க வந்திருந்தது. பஞ்சாயத்தில் டீயும் பொறையும் கொடுத்தார்கள் என்பதும் ஒரு காரணம். தாலுகா ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தார். இன்னும் இரண்டு ஊர் சபை பாக்கி என்பதால் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். பெண்கள் பக்கம் மாதம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சேட்டுவின் மனைவியிடமிருந்து இரண்டு கை தள்ளி. அதுவே கிட்டம்தான்.

ரங்கசாமி பேர் கூப்பிட்டதும் எழுந்து போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். ஐந்தாவது வரைக்கும் படித்தவர். நான்கு நாளாக ரம்யாவை வைத்துக்கொண்டு படித்துப் பழகியிருந்தார்.

"நாள், ஒம்பது, ஏழு, ரெண்டாயிரத்து மூணு. எடம், ஓடைக்கொல்லை…"

அதிகாரி அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "பறிமுதல் சீட்டா? ஒரிஜினலா? இத முன்னாடியே குடுத்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்குமே. குடுங்க. தேதி போதும், மேல அனுப்பிடலாம்."

"இன்னும் கீதுங்க."

"போதும்ங்க. பாத்துக்கறேன்."

"இல்லீங்கம்மா. முழுசா படிக்கணும்."

அவர் விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கப் படித்தார். குற்றம் படித்தார். பரப்பு படித்தார். உழுதவர் பேர் படித்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் காதில் அதெல்லாம் பாதிதான் விழுந்தது.

"பறிமுதல் செய்த பொருள். கலப்பை ஒன்று."

டம்ளர் சத்தம் நின்றது.

"இரும்புக் கொழுவுடன்," என்று முடித்தார் ரங்கசாமி. பிறகு காகிதத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னார். "சின்னப்பையன் எடுக்கல. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அதிகாரி அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு சின்னப்பையன்? மனுதாரரா?" என்று கேட்டார். கற்பூரம் ஏற்றிச் சத்தியம் கேட்ட பெரியவர்களில் உயிரோடு இருந்த மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேட்டு முன்னால் வந்து, மனுவில் காட்டிய இடத்தில் தன் பேரைப் போட்டார். எழுதத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். ரங்கசாமி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார், சேட்டு பார்க்கவில்லை.

அந்த மூவரில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "சேட்டு, நடந்தது நடந்திடுச்சி. இந்த வருசம் உன் வூட்டு வெதையும் கொண்டாந்து கோயில்ல கொட்டு. ஒன்னா கலந்துக்கலாம்."

"வெத அப்பறம் பாத்துக்கலாம்," என்றார் சேட்டு. ரம்யாவின் பக்கம் திரும்பினார். அவர் அவளிடம் பேசுவது அதுதான் முதல் தடவை. "பாப்பா, அந்தச் சீட்ட எனக்கொரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு."

"போன்லயே படம் புடிச்சிக்கலாமேப்பா," என்றாள் புவனா.

"போன்ல வேணாம். காகிதமா வேணும். உங்க பெரியப்பனுக்கு அனுப்பணும். கூட ஒரு லெட்டரும் வெக்கணும். நீங்க ரெண்டு பேருமா உக்காந்து எழுதிக் குடுங்க."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புவனா நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

"இன்னான்னு ஆரம்பிக்கறதுப்பா?"

சேட்டு அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நீ சொன்னதுதாண்ணா சரின்னு ஆரம்பி."